மூப்பும் ஆயுளும் (விலங்கியல்)

வளர்ச்சி முடிந்த விலங்கின் உடல் வயது ஏற ஏறத் தளர்வதும், ஈனும் திறன் குறைவதும், சாகும் வாய்ப்புக் கூடுவதும் மூப்பு எனப்படும். வீட்டெலி இரண்டு மூன்று ஆண்டுகளில் கிழடாகிவிடுகிறது. யானை அறுபதைத் தாண்டுகிறது. இரண்டும் தசையும் எலும்பும் கொண்ட பாலூட்டிகளே. ஆகவே தேய்மானம் ஒன்றையே காரணமாகச் சொல்வது போதாது. தேய்ந்ததைச் சீர்செய்யும் திறன் ஏன் ஓர் இனத்தில் நீடிக்கிறது, இன்னோர் இனத்தில் விரைவில் கைவிடப்படுகிறது என்பதே பரிணாம உயிரியல் எழுப்பும் கேள்வி.

இதற்கு முதலில் விடை தேடியவர் ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான். 1881-இல் ஆற்றிய உரையில், தேய்ந்துபோன முதியவை இளையவற்றுக்கு இடம் விடுவதற்காகவே சாவு தோன்றியது என்றார். கேட்க இதமான விளக்கம். ஆனால் முதியவை ஏன் தேய்கின்றன என்பதுதான் கேள்வியே. அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தொடங்கியதால் இவ்விளக்கம் நிலைக்கவில்லை. 1941-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஹண்டிங்டன் நோயைக் கவனித்தார். நரம்பை அழிக்கும் இப்பரம்பரை நோய் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் தலைகாட்டுகிறது. அதற்குள் நோயாளிக்குப் பிள்ளைகள் பிறந்துவிடுவதால் இயற்கைத் தேர்வால் அதைக் களைய முடிவதில்லை. இக்கருத்தைப் பொதுக் கொள்கையாக விரித்தவர் பீட்டர் மெடவார். 1951-இல் லண்டனில் அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு நூலாக வந்தது.

மெடவார் சோதனைக் குழாய்களை வைத்து விளக்கியதை விருதுநகர் மாவட்டத்தின் ஆமத்தூர் சுற்றுவட்டாரக் கரிசலில் மேயும் வெள்ளாட்டு மந்தையை வைத்தும் விளங்கிக்கொள்ளலாம். ஆடு வாங்க வருபவர் முதலில் அதன் வாயைப் பிளந்து கீழ்த்தாடையைப் பார்ப்பார். பால் பல் விழுந்து நடுவே இரண்டு பெரிய பற்கள் எழுந்திருந்தால் அது இரண்டு பல் ஆடு. வயது ஒன்றேகால், ஒன்றரை. பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் நிறைந்தால் கடை சேர்ந்தது என்பார்கள். நாலு வயதை ஒட்டி வரும் நிலை அது. அதற்கு மேல் பல் தேயும், இடைவெளி விடும், உதிரும். மேய்ச்சல் குறைந்து ஆடு மெலியும். கிடாய்கள் பெரும்பாலும் கடை சேரும் முன்பே விலைபோகின்றன. இரண்டு பல்லில் நோஞ்சானாக்கும் குறை ஒரு கிடாய்க்கு இருந்தால், அது இனவிருத்திக்கு நிறுத்தப்படாது. அக்குறை அதோடு போய்விடும். அதே குறை ஏழாம் வயதில்தான் வெளிப்படும் என்றால், அதற்குள் குட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். காட்டில் விற்பனை இல்லை. புலியும் பஞ்சமும் நோயும் அந்த வேலையைச் செய்கின்றன. கிழவயதை எட்டுபவை சிலவே என்பதால், கிழவயதின் குறைகள் தேர்வின் கண்ணில் படாமல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவிடுகின்றன.

1957-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். இளமையில் நன்மையும் முதுமையில் தீமையும் செய்யும் மரபணு, அந்தத் தீமையோடு சேர்த்தே தேர்ந்தெடுக்கப்படும் என்றார். மூப்புக்கான முக்கிய விளக்கங்களில் இதுவும் ஒன்று. 1977-இல் தாமஸ் கர்க்வுட், உடலைப் பழுதுபார்ப்பதற்கும் சந்ததி பெறுவதற்கும் ஒரே வருவாயைத்தான் பங்கிட வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். 1984-இல் மைக்கேல் ரோஸ், வயதான பழ ஈக்களின் முட்டைகளை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு எடுத்து, ஈக்களின் ஆயுளைக் கூட்டிக் காட்டினார்.

இக்கொள்கையின்படி, எதிரி குறைந்த பேருடல் விலங்கு நெடுங்காலம் வாழ வேண்டும். யானையும் திமிங்கிலமும் அப்படித்தான் வாழ்கின்றன. நாயினத்துக்குள் இது தலைகீழாகிறது: சிறிய நாய் நெடுநாள் வாழ்கிறது, பெரிய நாய் சீக்கிரம் போய்விடுகிறது. வட அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து 74 நாயினங்களை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு, உடல் எடை இரண்டு கிலோ கூடினால் ஆயுளில் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது என்று கண்டது. பெரிய நாய்களில் மூப்பு வேகமாக நடப்பதே முதன்மைக் காரணம். மனிதர் சில நூறு ஆண்டுகளில் நாய்களின் உடலைப் பெருக்கிவிட்டனர். அந்த உடலைப் புற்றுநோயிலிருந்து காக்கும் ஏற்பாடு அதே வேகத்தில் வளரவில்லை என்பது ஒரு கருதுகோள்.

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம் நாயும், முயல் வேட்டைக்குப் பேர்போன சிப்பிப்பாறை நாயும் மனிதத் தேர்வில் உருவானவையே. ஓட்டம், காவல், நிறம் பார்த்து வளர்த்தார்களே அன்றி, பத்து வயதில் எப்படி இருக்கும் என்று பார்த்து யாரும் குட்டி எடுக்கவில்லை. ராஜபாளையம் நாய்க்கு முழு வெள்ளை நிறமே அழகு என்று கொண்டதன் விலையாகச் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்செவிக்கும் தேவை. இது மூப்பன்று என்றாலும், ஒரு மரபணு இரண்டு வேலை செய்யும் என்ற வில்லியம்ஸின் கருத்துக்குக் கண்முன் உள்ள சான்று. மற்ற நாய்களுக்கு மூஞ்சியில் நரை தட்டும். இந்த வெள்ளை நாயில் அது தெரியாது. கண் மங்குவதையும், படுத்த இடத்திலிருந்து பின்னங்காலை ஊன்றி எழத் தயங்குவதையும் கொண்டே வயதை அறிய வேண்டும்.

அமெரிக்காவில் நாய் மூப்புத் திட்டம் என்ற பெயரில் பல்லாயிரம் வீட்டு நாய்களை ஆண்டுதோறும் பின்தொடரும் ஆய்வு நடந்துவருகிறது.