காட்டுப் பாதை யாருடைய பாதை?

சைக்கிள் குழுக்கள் ‘ட்ரெயில்’ என்று சொல்வது நம் பாட்டிமார்களுக்கு ஒற்றையடிப் பாதை. விறகுக்கட்டோடு திரும்பிய கால்களும், மேய்ச்சலுக்குப் போன மாடுகளும் போட்ட பாதை அது. எந்தக் காட்டிலும் ட்ரெயில் தானாக முளைப்பதில்லை. யாரோ நடந்திருக்கிறார்கள். பிறகு அவர்கள் நடப்பது நிறுத்தப்பட்டிருக்கிறது.

காட்டுக்குள் மலைச் சைக்கிள் தடம் வந்தால் ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்று தாம்பரம் பக்கத்து மாணவத் தோழர்கள் சிலர் கேட்டார்கள். உடனே பதில் சொல்வதைவிட, காட்டுக்குள் நடக்கும் உரிமை நம் மாவட்டத்தில் எப்படிப் பறிபோனது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் போனால், அதற்கு அப்பால் நன்மங்கலம் காப்புக்காடு. சுமார் 320 ஹெக்டேர் புதர்க்காடு. நடுவில் கைவிடப்பட்ட கல்குவாரி. தெற்கே போனால் வண்டலூர் காப்புக்காடு. இரண்டிலும் நிற்கும் அறிவிப்புப் பலகைகளுக்குப் பின்னால் இருப்பது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். பெயரில் ‘சென்னை’ போய்த் ‘தமிழ்நாடு’ வந்தது. சட்டம் இன்றும் அதுதான்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1870களில் பேடன் பவல் போன்ற அதிகாரிகள் காடு முழுவதும் அரசுக்கே சொந்தம் என்றார்கள். சென்னை வருவாய் வாரியம் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மாகாணத்துக் காடுகள் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள்தான் இருக்கின்றன, அங்கே மக்களுக்கு உரிமை உண்டு என்று 1871இலேயே வாதாடியது. அதனால்தான் 1878இன் இந்திய வனச் சட்டம் சென்னையில் அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. பிராண்டிஸ் இங்கே வந்து பார்த்து, கொஞ்சம் தணித்து எழுதியது 1882 சட்டம். சூழலியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வாரியத்தைப் பெரிதாகப் பாராட்டுவார்கள். பாராட்டட்டும். ஆனால் ‘கிராமத்தின் உரிமை’ என்றால் செங்கல்பட்டில் யாருடைய உரிமை?

இங்கே இருந்தது மிராசு முறை. ஊரின் நன்செய், புன்செய் மட்டுமல்ல, தரிசும் தோப்பும் மிராசுதாரர் பேச்சில்தான். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் தர்காஸ்து போட்டால், எனக்கே முன்னுரிமை என்று மிராசுதாரர் குறுக்கே வந்து நின்றுவிடலாம். சேரியின் மனைக்கட்டுகூட அவர் தயவில் இருந்தது. இதையெல்லாம் அரசுக்கு எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், ஆண்டு 1891. அதன் விளைவுதான் 1892இன் அரசாணை, நாம் இன்றும் தேடிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலம்.

இப்போது இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1882, 1892. முதல் சட்டத்தில், ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன் நிர்ணய அதிகாரி கெடு வைப்பார். மூன்று மாதத்துக்குக் குறையாத கெடு. பாதை உரிமை, மேய்ச்சல் உரிமை, தண்ணீர் உரிமை, காட்டுப் பொருள் எடுக்கும் உரிமை எதுவானாலும் அதற்குள் கேட்க வேண்டும். கேட்காத உரிமை செத்துப்போகும். பட்டா வைத்திருப்பவர், கர்ணத்தைத் தெரிந்தவர், மனு எழுதத் தெரிந்தவர் கேட்டிருப்பார். குடியிருக்கும் மனையே தனது என்று நிரூபிக்க முடியாத சேரி மனிதர், சுள்ளி பொறுக்கப் போகும் பாதை தனது என்று எந்தக் காகிதத்தைக் காட்டியிருப்பார்? பத்து ஆண்டு கழித்து ட்ரெமென்ஹீர் கண்டுபிடித்துச் சொன்ன நிலமின்மைதான், காட்டுப் பாதையிலும் நம்மை அத்துமீறி நுழைந்தவராக ஆக்கியது. பஞ்சமி நிலத்துக்காகக் காரணையில் போராடி, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டதை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம். மூடப்பட்ட காட்டுப் பாதைகளைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

இதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. வேறு வசதியான வழி இருக்கிறது என்று கருதினால், காப்புக்காட்டுக்குள் இருக்கும் பாதையை வனத்துறை அடைத்துவிடலாம். யாருக்கு வசதி?

பாதை என்றாலே நமக்கு ஒருவர் ஞாபகம் வரவேண்டும். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம் என்றது. அரசாணையாகவும் வந்தது. அந்த ஆணை ஊர்த் தெருவைத் திறந்தது (காகிதத்திலாவது). காப்புக்காட்டின் ஒற்றையடிப் பாதை அந்தக் கணக்கில் வரவில்லை. அது வனச் சட்டத்தின் கீழேயே இருந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கோடு அதே இடத்தில்தான். 1985இல் உயிரியல் பூங்கா நகரத்திலிருந்து வண்டலூர் காப்புக்காட்டுக்கு வந்தது. சுள்ளிக்குப் போக முடியாத காட்டுக்குள் டிக்கெட் வாங்கினால் போகலாம் என்று ஆனது. 1972இன் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புத்தோல் வணிகத் தடையும் இருளர்களின் பிழைப்பை ஒரே அடியில் குற்றமாக்கின. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் விஷம் எடுத்துக் கொடுத்து, அந்த அறிவுக்கு ஒரு கூலியை மீட்டது. அது ஒரு விதிவிலக்கு.

புதர்க்காட்டை விட்டு உண்மையான இலையுதிர் காட்டுக்குப் போவோம். முதுமலையில் மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டித் தரை சருகாகக் கிடக்கும். 2006இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. அது 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் முன்பு, டிசம்பர் 28 அன்று, முதுமலை உள்ளிட்ட பகுதிகளைப் புலிகளின் முக்கிய வாழிடமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துவிட்டது. இந்த மூன்று நாள் கணக்கைத் தோழர்கள் மறக்கக் கூடாது. 2017இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய வாழிடங்களில் வன உரிமை வழங்கக் கூடாது என்றே ஆணையிட்டது. எதிர்ப்புக்குப் பின் 2018இல் திரும்பப் பெற்றது. பழங்குடி அல்லாத தலித் குடும்பங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1882இல் கேட்ட காகிதத்தையே மறுபடி கேட்கிறார்கள்.

அதே காட்டுச் சாலையில் சைக்கிள் பயணங்கள் போகின்றன. தார்ச்சாலையில் மிதிப்பதால் காட்டுக்குப் பெரிய கேடில்லை. அதை விட்டு மண் தடத்துக்குள் இறங்கினால் வேறு கதை. ஈர மண்ணில் பிரேக் பிடித்து வழுக்கும் டயர் பள்ளம் கீறும், மழைநீர் அதையே ஓடையாக்கும். பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்தில் இன்னொரு தடம் விழும். அமெரிக்காவில் 1964இன் வனாந்தரச் சட்டத்தின் கீழ் வரும் காடுகளில் சைக்கிளுக்குத் தடை; 1984இல் வனத்துறை விதியில் அதை வெளிப்படையாகச் சேர்த்தார்கள். அங்கே சண்டை இயந்திரமா, காலா என்பது. இங்கே யார் கால் என்பதிலேயே சண்டை முடியவில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ வந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வேலை பெற்றது நல்லதுதான். ஆனால் வழிகாட்டி வேலை கூலி. பாதை உரிமை அல்ல. இதற்கிடையே 2023இல் திருத்தப்பட்ட மத்திய வனப் பாதுகாப்புச் சட்டம் சஃபாரிக்கும் சூழல் சுற்றுலாவுக்கும் கதவை அகலத் திறந்துவிட்டது. மலைச் சைக்கிள் தடம் நாளை அந்தக் கதவு வழியாகத்தான் வரும்.

சைக்கிளை எதிர்ப்பது நம் வேலை இல்லை. ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியபோது என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள். நம் பிள்ளைகளும் கியர் சைக்கிளில் காட்டுக்குள் போகட்டும். ஆனால் ஒரு காட்டில் தடம் திறப்பதாக இருந்தால், அந்தத் தடத்தில் முன்பு நடந்தவர்களின் உரிமை முதலில் தீர்க்கப்பட வேண்டும். கிராமசபை ஒப்புதல் இல்லாமல் டிக்கெட் கவுண்டர் கூடாது. அதே பாதையில் சைக்கிளுக்கு ரசீதும் சுள்ளிக்கட்டுக்கு அபராதமும் என்ற நிலையை நாம் ஏற்க முடியாது.

இதற்கு முதல் வேலை ஆவணம் தேடுவது. ஒவ்வொரு காப்புக்காட்டுக்கும் நிர்ணய ஆவணம் உண்டு. எந்தப் பாதை உரிமை ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்று அதில் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராம வரைபடத்தில் ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக்கோடுகளாக இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு காட்டோரத் தெருக்களில் எழுபது தாண்டிய அம்மாக்களிடம் உட்கார்ந்து, எந்த வழியாகப் போவீர்கள், எந்த வருஷம் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நன்மங்கலத்திலிருந்தே தொடங்கலாம்.