மூளையில் ஒரு பூட்டு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் நடந்திருக்கிறீர்களா? வழியில் கூரிய கல் குத்துகிறது, வலிக்கிறது. நடக்க நடக்க அந்த வலி தணிந்துவிடுவதும் உண்டு. வலியை அடக்க மூளைக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கண்டறிய வழி திறந்தவர்களுள் ஒருவர் ஓர் ஆராய்ச்சி மாணவி.

அபினியும் அதிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபினும் வலியைப் போக்கும் என்பதை மனிதன் நெடுங்காலமாக அறிவான். எப்படிப் போக்குகின்றன என்பதுதான் புதிர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரிடம் பயின்ற கேண்டஸ் பெர்ட் 1972இல் இதற்கு விடை தேடினார். நரம்புச் செல்லின் மேல் பூட்டுப் போன்ற 'ஏற்பி' இருக்க வேண்டும். மார்ஃபின் சாவிபோல் அதில் பொருந்த வேண்டும். முதல் சோதனைகள் தோற்றன. பிறகு, மார்ஃபினை முறிக்கும் நாலாக்சோன் என்ற மருந்துக்குக் கதிரியக்க அடையாளமிட்டு எலியின் மூளைத் திசுவுடன் கலந்தார். மருந்து ஏற்பியில் ஒட்டிக்கொண்டது! 1973 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் எரிக் சைமன், லார்ஸ் டெரெனியஸ் ஆகியோரும் தனித்தனியே இதையே கண்டனர்.

செடியின் பாலுக்கென்று நம் மூளையில் பூட்டு எதற்கு? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றியின் மூளையிலிருந்து விடையைப் பிரித்தெடுத்தனர். மூளை தனக்கென்று ஒரு சாவியைத் தானே செய்துகொள்கிறது. அதற்கு எங்கெஃபலின் என்று பெயர்.

போதைப் பழக்கத்தின் தன்மை இப்போது விளங்கும். வெளியிலிருந்து சாவிகள் வந்து குவிந்தால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பழைய அளவு போதுவதில்லை. நிறுத்தினால் உடல்வலியும் வயிற்றுப்போக்கும் தூக்கமின்மையும் வாட்டுகின்றன. மதுவோ மூளையின் சொந்தச் சாவிகளையே மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. ஆகவேதான் இப்பூட்டை அடைத்துவைக்கும் நால்ட்ரெக்சோன் மருந்து, 1994இல் அமெரிக்காவில் மதுநோய்க்கும் அனுமதி பெற்றது.

ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை ஊருக்குள் வர வேண்டாமா? கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் அந்நிறுவனம் காவிரிப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி கிராமத்துக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தியது.

காலில் கல் குத்தியவரை நாம் ஏசுவதில்லை. கைகொடுத்து உட்கார வைக்கிறோம். குடியில் சிக்கியவருக்கும் அதுவே தேவை. நாள்பட்ட குடியைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.