படைவீரர் உண்டாட்டு: கொடையும் கடனும்

படைவீரர் ஒருங்கு கூடி மது அருந்தும் வழக்கம் வெறும் களிப்புக்காக எழுந்ததன்று. யார், யாருக்கு, எம்முறையில் மதுவை அளித்தனர் என்பதே அவ்வழக்கின் உட்பொருளாகும். புனே நகரின் படைமரபையும் சங்க இலக்கிய மரபையும் ஒப்புநோக்கின் இது புலனாகும்.

1817 நவம்பர் 5ஆம் நாள் நடந்த கட்கிப் போரில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை தோற்றது. அதன்பின் புனேயில் ஆங்கிலேயரின் கன்டோன்மென்ட் நிலைபெற்றது. அதனுடன் படையலுவலர்க்குரிய 'மெஸ்' என்னும் பொது உணவு மன்றமும் வேரூன்றியது. அங்கு முறைசார் விருந்தின் முடிவில் அனைவரும் எழுந்து அரசர் பெயரால் கிண்ணம் உயர்த்தினர். 1950 சனவரி 26இல் இந்தியா குடியரசானபின் அவ்விடத்தைக் குடியரசுத்தலைவர் பெயர் பெற்றது. மது அருந்தாதவர் நீர் நிறைந்த கிண்ணத்தை உயர்த்துவர். எனவே இங்கு முதன்மையுடையது மதுவன்று, நன்றியறிவிப்பே எனலாம்.

இம்மரபு ஐரோப்பிய வழியது. தமிழ் மரபிலிருந்து வந்ததன்று. ஆயினும் தமிழில் இதற்கிணையான பழைய வழக்கு ஒன்றுண்டு. தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளை நிரல்படுத்துங்கால் பாதீடு, உண்டாட்டு, கொடை என மூன்றை இறுதியில் அடுத்தடுத்து வைக்கிறது. கவர்ந்த ஆநிரையைப் பகுத்தலும், கள்ளுண்டு மகிழ்தலும், பிறர்க்கு வழங்கலும் ஒரே தொடர்ச்சியின் கூறுகளாகக் கொள்ளப்பட்டமை இதனால் தெளிவாகும்.

புறநானூற்றின் 290ஆம் பாடலில் ஔவையார், கள்ளை முதலில் வீரனுக்கு ஈந்து பின்னர் உண்ணுமாறு தலைவனிடம் கூறுகிறார். தலைவனுடைய பாட்டனைக் காத்து இவ்வீரனுடைய பாட்டன் உயிர் துறந்தான். இவனும் அவ்வாறே தலைவனைக் காப்பான் என்பது அதற்குக் காரணம். ஆகவே அக்கள் முன்னோரின் உயிர்க்கொடைக்கு நன்றி. வரவிருக்கும் உயிர்க்கொடைக்கு முன்னளிப்பு. இதுவே பிற்காலத்தார் செஞ்சோற்றுக்கடன் எனச் சுட்டிய உறவாகும். இவ்வுறவு இறப்போடு முடிவதில்லை. அதியமானின் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் படைப்பதை 232ஆம் பாடல் கையறுநிலையாகக் காட்டுகிறது.

இரு மரபுகளுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சங்க காலத்தில் கலம் தலைவனிடமிருந்து வீரனுக்குச் சென்றது. ஈந்தவனுக்கே வீரன் கடன்பட்டான். மெஸ்ஸிலோ விருந்தளித்துக் கடன்படுத்தும் தலைவன் இல்லை. கிண்ணமும் வீரரிடமிருந்து நாட்டின் தலைமையை நோக்கி உயர்கிறது. அத்தலைமைப் பதவியில் அமர்வோர் மாறுவர், பதவி நிலைக்கும். அவ்வாறே வீரரின் உறுதிமொழியும் தனியொருவருக்கு உரியதன்று, அரசியலமைப்புச் சட்டத்திற்கு உரியது.

உண்டவன் உயிர் கொடுக்கக் கடவன் என்ற பண்டை நெறி, உண்ணும் சோற்றுக்கு எத்தலைவனுக்கும் கடன்படாதவனும் நாட்டுக்காக உயிர் கொடுப்பான் என்ற நெறியாக மாறியுள்ளது. கலம் மாறவில்லை, கடனின் இயல்பே மாறியது.