பீங்கான் கத்தி வந்த வழி

இணையக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் வெள்ளை வெளேரென்று ஒரு கத்தி விற்கிறது. கையில் எடுத்தால் பொம்மைக் கத்தி போல எடையே இருக்காது. பெயர் செராமிக் கத்தி, அதாவது பீங்கான் கத்தி. பீங்கான் என்றால் காபி கோப்பைதான் நினைவுக்கு வரும். கோப்பை கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொருளில் போய் யாராவது கத்தி செய்வார்களா? செய்தார்கள். ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் ஆயின!

முதலில் ஒரு விளக்கம். இந்தக் கத்தி கோப்பை செய்யும் களிமண்ணால் ஆனதல்ல. இது சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. இதன் கதை தொடங்குவது ஒரு இலங்கைக் கல்லில். அங்கே கிடைக்கும் சிர்கான் கல்லில் நிறமற்ற வகைக்கு "மாத்தறை வைரம்" என்றே பெயர் உண்டு. பெர்லினில் இருந்த மார்ட்டின் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் 1789-ல் இலங்கையிலிருந்து வந்த சிர்கானை ஆராய்ந்து, அதில் அதுவரை யாரும் அறியாத ஓர் ஆக்சைடு இருப்பதைக் கண்டார். அதே ஆண்டு அவர் கண்டுபிடித்த இன்னொன்று யுரேனியம். புகழ் எல்லாம் அதற்குப் போய்விட்டது, பாவம் சிர்கோனியா!

சிர்கோனியா உருகச் சுமார் 2,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலைகளுக்கு இதைவிட நல்ல பொருள் ஏது? ஆனால் ஒரு சிக்கல். சுமார் 1,170 டிகிரிக்கு மேல் இதன் அணுக்கள் வேறு ஒழுங்கில் அமைகின்றன. திரும்ப ஆறும்போது பழைய ஒழுங்குக்கு மாறி, பருமனில் 4 முதல் 5 சதவீதம் வரை உப்பிவிடுகிறது. விளைவு, உலையிலிருந்து எடுத்த பொருள் தானாகவே விரிசல் விட்டு நொறுங்கிவிடும். வேறு ஆக்சைடுகளைக் கொஞ்சம் கலந்தால் இந்த மாற்றம் நின்றுவிடும் என்று ஜெர்மனியில் ரூஃப், எபர்ட் ஆகியோர் 1929-ல் காட்டினார்கள். (வேடிக்கை என்னவென்றால், வால்தர் நெர்ன்ஸ்ட் 1897-லேயே தன் மின்விளக்கில் சிர்கோனியாவுடன் இட்ரியாவைக் கலந்துவிட்டார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது வெளிச்சம்.)

உண்மையான திருப்பம் 1975-ல் ஆஸ்திரேலியாவில் வந்தது. அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வைச் சேர்ந்த கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய மூவரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பே "பீங்கான் எஃகு?" என்ற கேள்விதான். அவர்கள் சொன்னது இது: அந்த மாற்றத்தை முழுதாக நிறுத்தாதே, பாதியில் நிறுத்திவை. அப்போது விரிசல் ஒன்று கிளம்பினால், அதன் முனையில் இருக்கும் துகள்கள் மட்டும் உப்பும். உப்பியவை விரிசலை இரு பக்கமும் நெருக்கி முன்னேற விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் பொருளையே நொறுக்கிய குணம் இப்போது காவல் காக்கிறது. இந்தக் கதையில் ரொம்ப அழகான இடம் இதுதான்.

கசுவோ இனாமோரி 1959-ல் கியோட்டோவில் தொடங்கிய கியோசெரா நிறுவனம், 1984-ல் சிர்கோனியா சமையல் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நுண்ணிய பொடியை அதிக அழுத்தத்தில் அச்சிட்டு, சுமார் 1,400 டிகிரியில் சுட்டு, வைரத்தூள் சக்கரத்தில் தீட்டிச் செய்வது இது. பின்னாளில் சீனத் தொழிற்சாலைகளும் இறங்க, விலை மளமளவென்று இறங்கியது. மூலப்பொருள் அரிதானது அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே சிர்கான் இருக்கிறது. காசு பொடியிலும் சுடுவதிலும் தீட்டுவதிலும்தான் இருக்கிறது. மலிவுக் கத்தி மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். சரியாக இறுகாத பொடியில் நுண்துளைகள் தங்கும். துளை இருக்கும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும்.

அப்படியானால் வாங்கலாமா? தக்காளி, வெள்ளரி, பழம், எலும்பில்லாத இறைச்சி நறுக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். எஃகைவிட ரொம்பக் கடினம் என்பதால் கூர் நெடுநாள் நிற்கும். துருப்பிடிக்காது. எலுமிச்சை, புளி எதுவும் அதை ஒன்றும் செய்யாது. பழைய இரும்புக் கத்தியில் வாழைக்காய் நறுக்கினால் வரும் கறுப்பு இதில் வராது. ஆனால் நறுக்கிய ஆப்பிள் நிறமே மாறாது என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அது காற்று செய்யும் வேலை.

தேங்காய், எலும்பு, உறைந்த மீன் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகவே கூடாது. விரிசலைப் பிடித்து வைக்கும் அந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. கத்தியைப் பக்கவாட்டில் திருகினாலோ, தரையில் போட்டாலோ முனை போய்விடும். உடைந்த சில்லு வெள்ளையாக இருப்பதால் சோற்றிலோ முட்டைக்கோஸிலோ விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. காந்தத்திலும் ஒட்டாது. விலையைவிட யோசிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

எஃகுக் கத்தி மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் போதும். பீங்கானுக்கு அவருடைய கல் பயன்படாது, வைரக் கல்தான் வேண்டும். நல்ல நிறுவனங்கள் சில, கத்தியை அனுப்பினால் தீட்டித் தருகின்றன. மலிவுக் கத்தியை அப்படி அனுப்பினால் கத்தியின் விலையைவிடக் கூரியர் செலவு கூடிவிடும்.