கொடிமலைக் காற்றும் தண்ணீர்மலை நிழலும்

மாக் மண்டினிலிருந்து மேற்கே நோக்கினால், கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவின் மலைகள் கண்ணிற்படும். அவற்றுள் ஒன்றை மலாய் மக்கள் புக்கிட் பெண்டேரா என்பர்; நம்மவர் கொடிமலை என்பர். இம்மலை ஒரு காலத்தில் மருந்தாகவே கருதப்பட்டது.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கினார். காடு வெட்டிக் கரையோரத்தில் குடியேறியவர்களைக் குளிர்காய்ச்சல் வாட்டிற்று. லைட்டும் 1794-இல் மலேரியாவுக்கு இரையானார். சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே இந்நோய்க்குக் காரணம் என்பது அக்கால மருத்துவர் கொள்கை. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் அதுவே. ஆகவே நோயாளியை நல்ல காற்றுள்ள உயரத்திற்கு அனுப்புவது சிகிச்சையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொடிமலையில், நோயிலிருந்து தேறுவோர் தங்குவதற்கென ஓர் இல்லம் எழுந்தது. ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியது 1819-இல்தான் என்பதை ஒப்புநோக்குக.

கொள்கை பிழை, பயனோ மெய். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். ஏறத்தாழ 2,700 அடி உயரத்துக் குளிரில் அக்கிருமி முதிர்வது தாமதப்படும். காரணம் அறியாமலே கைக்கொண்ட மருந்து பலித்த கதை இது.

ஆனால் அம்மருந்து யாருக்குக் கிடைத்தது? அதிகாரிகளுக்கும் செல்வர்க்குமே. அவர்கள் குதிரையிலேறியோ, கூலியாட்கள் தோளிற் சுமந்த டோலியில் அமர்ந்தோ உச்சியை அடைந்தனர். சுமந்தவர் மலைக்காற்றை மூச்சு வாங்குவதற்கு மட்டுமே பெற்றார் என்றால் மிகையாகாது. 1923-இல் மலை இரயில் ஓடத் தொடங்கி, 1924 சனவரி முதல் நாள் முறைப்படித் திறக்கப்பட்ட பின்னரே, சீட்டு வாங்க வசதியுள்ள எவரும் மேலே செல்ல முடிந்தது.

ஏழை எளியவர்க்கு உண்மையில் உதவியது மலையுச்சியன்று, அடிவாரமே. கருங்கல் வெட்டிய பழைய குழிகள் கிடந்த அருவிப் பள்ளத்தாக்கில், 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் தாவரவியற் பூங்காவை அமைத்தார். நோக்கம் பயிராராய்ச்சி; விளைந்ததோ ஊராருக்கு உலாவிடம். தொழிலாளர் நடக்கவும் மூச்சுவிடவும் பொதுவெளி வேண்டும் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழு 1833-இலேயே வற்புறுத்தியிருந்தது. அத்தகைய இடம் இங்கே ஏறக்குறையத் தற்செயலாகக் கிட்டியது. 1910-இல் அதுவும் பறிபோக இருந்தது: நீர்த்தேக்கம் கட்டுவதற்கென நகராட்சியிடம் பூங்கா ஒப்படைக்கப்பட்டது. திட்டம் கைவிடப்பட்டு 1912-இல் பூங்கா மீண்டது. நகருக்குக் குடிநீர் தேவைதான். எனினும் அன்று பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியிருப்பின் இழப்பை எவ்வாறு ஈடு செய்வது?

தமிழர் இவ்விடத்தை அருவியின் பெயரால் தண்ணீர்மலை என்றே வழங்குகின்றனர். 1857-இல் நகரத்தார் இங்கு முருகன் கோயில் எழுப்பினர். தைப்பூசத்தன்று ஊரே இவ்வழி நடக்கிறது. வழிபாடே நோக்கமாயினும், ஆண்டு முழுதும் ஆலைக்குள் நிற்பவருக்கு அந்நடை உடற்பயிற்சியுமாகும்.

மரத்தின் பயனை அளந்து காட்டியவர் ரோஜர் அல்ரிச். பித்தப்பை அறுவை செய்துகொண்டோருள், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர், செங்கற்சுவரைக் கண்டவரினும் விரைவில் வீடு திரும்பினர் என அவர் 1984-இல் வெளியிட்டார். ஆய்வுக்குட்பட்டோர் 46 பேரே. முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

2021-இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. தண்ணீர்மலைப் பூங்காவும் அதனுள் அடங்கும். மாக் மண்டின் தொழிற்பேட்டையின் ஆலைத் தொழிலாளருக்கு இடையே உள்ளது ஒரு கால்வாய்க் கடல்தான். பட்டர்வொர்த்தில் படகேறி, அக்கரையில் பேருந்து பிடித்தால், ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேயே பூங்காவின் மரநிழலை அடைந்துவிடலாம்.