கென்டக்கித் துப்பாக்கி

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் சுரிகுழல் துப்பாக்கிகளுள் மிகவும் பிரசித்தி பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பிரதேசத்தில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர், தம் தாயகத்து வேடர் கையாண்ட குட்டையான கனத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் காட்டில் திரிவோருக்கு ஈயமும் மருந்தும் சிக்கனமாகும்படி, குழலை 40 அங்குலத்துக்கு மேலும் நீட்டித் துளையைச் சுருக்கியதன் பயனாக இது உருவாயிற்று.

சுடுபவன் மாட்டுக்கொம்பிலுள்ள மருந்தை அளந்து குழலில் கொட்டி, கொழுப்புத் தடவிய துணியிற் பொதிந்த ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, ஹிக்கரி மரக்கோலால் அடிவரை கெட்டிப்பான். துணி சுரிகளை இறுகப் பற்றுவதால் குண்டு சுழன்று சென்று குறியிற் பாயும். கெட்டித்த பின்னர்க் கிண்ணியில் சிறிது மருந்திட்டு விசையை இழுக்க, குதிரை கவ்வியுள்ள சக்கிமுக்கிக்கல் எஃகில் மோதிப் பொறி சிதறும். கிண்ணியிற் பற்றிய தீ பற்றுவாய் வழியே உள்ளே புகும். கெட்டிப்பதற்கு நேரமானதாலும், முனையில் ஈட்டி பொருத்த இயலாமையாலும், சேனைகள் சுரியில்லாத மஸ்கெட்டையே பெரிதும் நம்பியிருந்தன.

1775-இல் கம்பர்லாந்துக் கணவாய் வழியே கென்டக்கிக்குப் பாதை வகுத்த டேனியல் பூன் முதலியோரின் கையில் இது இருந்தது. 1780 அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மலைப் போரில், பிரிட்டிஷ் பக்கம் நின்ற படையை மலைநாட்டுக் குடியானவர் சுமார் ஒரு மணி நேரத்தில் முறியடித்ததும் இதன் துணையாலேயே. ராக்கி மலையில் பீவர் என்னும் விலங்கை வேட்டையாடியவர்கள் 1825 முதல் 1840 வரை ஆண்டுதோறும் கூடிய காலத்தை ஒட்டி, செயின்ட் லூயி நகரத்து ஹாக்கென் சகோதரர்கள் இதனைக் குறுக்கிக் கனமாக்கினர். பின்புறம் தோட்டாவிடும் துப்பாக்கிகள் பரவியதும் அதுவும் வழக்கொழிந்தது.

எனினும் அப்பலாச்சிய மலையூர்களில் வாய்வழியே கெட்டித்துச் சுடும் பழக்கம் முற்றிலும் மறையவில்லை. 1931-இல் ஒஹாயோவின் போர்ட்ஸ்மத்தில் இதன் அபிமானிகள் சுடும் போட்டி நடத்தினர். 1933-இல் தேசியச் சங்கம் அமைத்தனர். இண்டியானாவின் பிரண்ட்ஷிப் என்னும் சிற்றூர் அதன் கேந்திரமாயிற்று. வில்லியம்ஸ்பர்க் தொல்நகரில் வாலஸ் கஸ்லர் என்னும் கம்மியர், இரும்புப் பட்டையை உலையிற் காய்ச்சிச் சுருட்டி, விளிம்புகளை அடித்திணைத்துக் குழலாக்குவது முதல் துப்பாக்கி முழுவதையும் பழைய முறையிலேயே செய்து காட்டியதை, 1969-இல் வெளியான ஒரு படம் பதிவு செய்தது. நூல்களில் ஏறாத கைத்தொழில் ஞானம் இவ்வாறே காப்பாற்றப்பட்டது. இம்மறுமலர்ச்சியின் தலையாய பேறு இதுவேயாகும்.

மான்தோலுடையும் கூடாரமுமாகப் பழைய வாழ்வை நடித்துக் காட்டுவோரும் பெருகினர். 1840-க்குப் பிற்பட்ட பொருள் எதுவும் பாசறையில் தென்படலாகாது என்பது பல கூட்டங்களின் நியமம். இண்டியானாவின் லஃபாயட் அருகே, பிரெஞ்சுக்காரர் 1717-இல் கோட்டை அமைத்த பகுதியில், 1968 முதல் நடைபெறும் இலையுதிர்கால விழா இவற்றுள் புகழ்பெற்றது. ஆயினும் குடியேறியோரை மட்டும் சித்திரிக்கும் காட்சி பாதிச் சரித்திரமே. குடியேறியோர் புகுந்த நிலத்துக்கு உரியவரான ஷானி, டெலாவேர் பூர்வகுடி மக்களும் இதே துப்பாக்கியைத் திறம்படக் கையாண்டு தம் மண்ணுக்காகப் போரிட்டனர். அவர்களுக்கும் உரிய இடம் தரும் பாசறையே உண்மைக்கு நெருங்கியது.