ஸ்ரீகண்ட்: அடுப்பு ஏறாத தயிர் இனிப்பின் வரலாறு

ஸ்ரீகண்ட் என்பது நீர் வடித்த தயிரில் சர்க்கரை, ஏலக்காய், குங்குமப்பூ ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் இனிப்பு. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பெருவழக்காக உள்ளது. மாம்பழக் கூழ் சேர்த்தால் ஆம்ரகண்ட் எனப்படும். குடீ பாட்வா எனப்படும் மராத்திய ஆண்டுப் பிறப்பன்று பூரியுடன் பரிமாறுவது மரபு.

பழைய குறிப்புகள்

வடமொழி நிகண்டான அமரகோசம் 'ரசாலா', 'மார்ஜிதா' என்னும் இரண்டையும் ஒரே பண்டத்தின் பெயர்களாகத் தருகிறது. 'மார்ஜிதா' என்றால் தேய்த்துத் தூய்மை செய்யப்பட்டது என்று பொருள். தயிரைத் துணியில் தேய்த்து வடிக்கும் முறையோடு இப்பெயர் பொருந்துகிறது. 'சிகரிணி' என்பது இதன் மற்றொரு பெயர். கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் (ஆட்சிக்காலம் 1126–1138) 'மானசோல்லாசம்' அரண்மனை உணவைப் பற்றிப் பேசும் பகுதியில் சிகரிணியைக் குறிப்பிடுகிறது. 16ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலான 'பாவப்பிரகாசம்' இதைப் பீமன் செய்த உணவாகக் கூறுகிறது.

ஆனால் அன்றைய சிகரிணியும் இன்றைய ஸ்ரீகண்டும் முற்றிலும் ஒன்றல்ல. பழைய செய்முறைகளில் நெய், தேன், மிளகு, பச்சைக் கற்பூரம் ஆகியவையும் சேர்ந்தன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தயிரை வடிப்பதும் இனிப்பு சேர்ப்பதும்தான்.

சூடாக்காததன் காரணம்

தயிரைச் சூடாக்கி உண்ணலாகாது, இரவில் உண்ணலாகாது என்று சரக சம்ஹிதை விதிக்கிறது. சமையல் நோக்கிலும் காரணம் உண்டு. சூடேறினால் தயிர் திரிந்து தண்ணீர் பிரியும். எனவே நெருப்புக்குப் பதில் துணியும் நேரமுமே இங்கு வேலை செய்கின்றன. கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டால் நீர் வடிந்துவிடும். எஞ்சும் திரளை மராத்தியில் 'சக்கா' என்பர். அதில் சர்க்கரை கலந்து சல்லடையில் தேய்த்தெடுத்தால் வழுவழுப்பாகும்.

வீட்டிலிருந்து ஆலைக்கு

சக்காவுக்குச் சம எடை சர்க்கரை சேர்ப்பது பல வீடுகளின் வழக்கம். சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படவில்லை. பண்டம் விரைவில் கெடாமலும் காத்தது. 1980ஐ ஒட்டி வடோதராவின் கூட்டுறவுப் பால்பண்ணை துணிக்குப் பதில் சுழல் பிரிப்பானைப் பயன்படுத்தி ஸ்ரீகண்டைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இந்தியத் தர விதிகள் நீர் நீங்கிய எடையில் 72.5 விழுக்காடு வரை சர்க்கரையை அனுமதித்தன. அதே கணக்கில் புரதம் குறைந்தது 9 விழுக்காடு இருந்தால் போதும். 'தயிர் இனிப்பு' என்பதாலேயே ஒரு பண்டம் உடலுக்கு நல்லதாகிவிடாது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

பழத்தின் இடம்

சர்க்கரையின் ஒரு பகுதியைப் பழத்தால் ஈடுசெய்ய ஆம்ரகண்ட் வழி காட்டுகிறது. நன்கு பழுத்த அல்போன்சா மாம்பழத்தின் கூழ் இனிப்பு, நிறம், மணம் மூன்றையும் தருகிறது. முன்பே வடித்த தயிர் கையில் இருந்தால் சில நிமிடங்களில் கலந்துவிடலாம். வாழை, சப்போட்டா, மாதுளை ஆகியவையும் ஏற்றவை. பச்சை அன்னாசி மட்டும் விலக்கு. அதிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைப்பதால் சிறிது நேரத்தில் கசப்பு ஏறும். கூழ் நீர்த்திருந்தால் இனிப்பும் தளர்ந்துவிடும் என்பதால் பழம் கெட்டியாக இருப்பது அவசியம்.